மொட்டை மாடி வெப்பக் காப்பு: சட்டம் தில்லியில், சுமை வீட்டு உரிமையாளர் தலையில்

புது தில்லி: புதிதாகக் கட்டப்படும் வீட்டின் கூரையும் சுவரும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு 2018 முதல் மத்திய அரசின் அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஆனால், ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளில் வெப்பத்தைக் குறைத்துத் தருவதாகச் சொல்லி வரும் உள்ளூர் ஒப்பந்ததாரருக்கு எந்த உரிமமும் கட்டாயமில்லை. அவர் செய்து முடித்த வேலையை அளந்து பார்க்கும் அரசு அமைப்பும் இல்லை. கோடை ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகிவரும் நிலையில், இந்த இடைவெளியின் விலையைத் தனித்தனிக் குடும்பங்கள் தங்கள் சேமிப்பில் இருந்து செலுத்துகின்றன.

இதைப் புரிந்துகொள்ள மகாராஷ்டிர மாநிலம், புணே மாவட்டம், முல்சி வட்டத்தில் உள்ள ஹிஞ்சேவாடியைவிடப் பொருத்தமான இடம் இராது. மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகம் அமைத்த ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா இங்குதான் இருக்கிறது. இன்ஃபோசிஸ், விப்ரோ, டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், காக்னிசன்ட் ஆகிய நிறுவனங்களின் வளாகங்கள் நிறைந்த இப்பகுதியில், தமிழகத்தில் இருந்து சென்று குடியேறிய பொறியாளர்களும் கணிசமாக உள்ளனர். கரும்பும் நெல்லும் விளைந்த ஊர்களான மாண், மாருஞ்சி, வாக்கட் பகுதிகள் கால் நூற்றாண்டில் அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறின.

கடல் மட்டத்தில் இருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியில் அமைந்த புணே, குளிர்ச்சியான நகரம் என்றே பெயர் பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் பம்பாய் மாகாண ஆளுநர் மழைக்காலத்தில் தங்கியது புணேயின் கணேஷ்கிண்ட் மாளிகையில்தான். இன்று அது சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம். அந்தப் பெயரை நம்பி, வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கான்கிரீட் தளமும் மெல்லிய சுவரும் பெரிய கண்ணாடி ஜன்னலுமாக வீடுகள் கட்டப்பட்டன. 2019 ஏப்ரல் இறுதியில் புணே சிவாஜி நகரில் வெப்பநிலை 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 1901-க்குப் பிறகு இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024 என இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது.

2020-இல் கரோனா தொற்று வந்தபோது நிலைமை மேலும் வெளிப்பட்டது. அதுவரை பகல் முழுவதும் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் இருந்தவர்கள், வீட்டையே அலுவலகமாக்கிக்கொள்ள நேர்ந்தது. கான்கிரீட் தளம் பகல் வெயிலை உள்வாங்கி, மாலையிலும் இரவிலும் அறைக்குள் இறக்கிவிடும். மின்விசிறி அந்த அனலையே சுழற்றும். மேல்தளத்தில் குடியிருப்போருக்கு இது அன்றாட அனுபவம். ஏ.சி.யை வாங்கி மாட்டினாலும், சூடான கூரையோடு அது ஓயாமல் போராட வேண்டியிருப்பதால் மின்கட்டணம்தான் ஏறும்.

சட்டம் சொல்வது என்ன?

நாடாளுமன்றம் 2001-இல் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் அமைவனம் உருவானது. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி சேமிப்புக் கட்டடத் தொகுப்பு 2007-இல் வந்தது. குடியிருப்புகளுக்கு அத்தகைய தொகுப்பு வர மேலும் 11 ஆண்டுகள் ஆயின. ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் அதன் முதல் பகுதி 2018 டிசம்பர் 14-ஆம் தேதி வெளியிடப்பட்டது.

500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்காக அத்தொகுப்பு வகுத்த முக்கிய எண்கள் இரண்டு. குளிர்ப் பிரதேசங்கள் தவிர்த்த பகுதிகளில், கூரை நீங்கலான வெளிச்சுவர், ஜன்னல் வழியே உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. கூரையின் வெப்பக் கடத்து அளவு, அதாவது ‘யு-மதிப்பு’, 1.2-க்கு மேற்படக் கூடாது. வெளியேயும் உள்ளேயும் ஒரு டிகிரி வெப்ப வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் கூரையின் வழியே எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதே யு-மதிப்பு. எந்தக் காப்பும் இல்லாத 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளத்துக்கு இது 3-க்கும் மேல் இருக்கும். அதாவது, சாதாரண மேல்தள வீடு ஒன்று, தொகுப்பு அனுமதிக்கும் அளவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் வெப்பத்தை உள்ளே இறக்குகிறது.

2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் மின்இணைப்புத் திறனோ, 120 கிலோவோல்ட் ஆம்பியர் ஒப்பந்தத் தேவையோ கொண்ட குடியிருப்புக் கட்டடங்களும் சட்ட வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. மக்களவையில் ஆகஸ்டிலும், மாநிலங்களவையில் டிசம்பரிலும் நிறைவேறிய இத்திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

எனினும், கட்டட விதிகளை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களிடமும் உள்ளாட்சி அமைப்புகளிடமுமே இருக்கிறது. அரசியல் சாசனத்தில் மின்சாரம் பொதுப் பட்டியலில் உள்ளது; நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மத்திய அரசு வகுக்கும் தொகுப்பை உள்ளூர்த் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளவும் மாநிலங்களுக்குச் சட்டம் இடமளிக்கிறது. தொகுப்பின் பிடி விழுவது கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் கட்டத்தில்தான். அந்தக் கட்டத்தைக் கடந்து, ஆள் குடியேறிவிட்ட வீட்டை நடைமுறையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஹிஞ்சேவாடியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. பூங்காவின் எல்லைக்குள் திட்டமிடும் அதிகாரம் தொழில் வளர்ச்சிக் கழகத்திடம் உள்ளது. மகாராஷ்டிரம் 2020 டிசம்பரில் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அக்கழகத்தின் பகுதிகளுக்குப் பொருந்தாது. அங்கு தனி விதிகள். பூங்காவை ஒட்டிய கிராமப் பகுதிகள் 2015-இல் அமைக்கப்பட்ட புணே பெருநகர மண்டல வளர்ச்சி ஆணையத்தின்கீழ் வருகின்றன. வரி வசூலிப்பதும் குப்பை அள்ளுவதும் கிராம ஊராட்சி. பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியுடன் ஹிஞ்சேவாடியை இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. சாலையில் தேங்கும் நீருக்கே எந்த அமைப்பு பொறுப்பு என்று கேட்க வேண்டியிருக்கும் ஊரில், கூரைக் காப்பின் தரத்தைப் பற்றி எந்த அலுவலகத்தில் கேட்பது?

மூன்று வேலைகள், ஒரே பெயர்

இந்த வெற்றிடத்தில்தான் உள்ளூர் ஒப்பந்ததாரர் வருகிறார். நேர்மையாகவும் திறமையாகவும் வேலை செய்பவர்கள் அவர்களில் பலர். ஆனால், ‘கூலிங் வேலை’ என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வேலைகள் விற்கப்படுகின்றன என்பதுதான் பிரச்னையின் மையம்.

முதலாவது, வெயிலைத் திருப்பியனுப்பும் வேலை. வெள்ளைச் சுண்ணாம்பு, ‘கூல் ரூஃப்’ பெயின்ட், உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளைப் பதிப்பது ஆகியவை இவ்வகை. செலவு குறைவு, பலன் உடனே தெரியும். வணிகக் கட்டடங்களுக்கான 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பு, இத்தகைய கூரை தொடக்கத்தில் சூரியக் கதிரின் ஆற்றலில் குறைந்தது 60 சதவீதத்தைத் திருப்பியனுப்ப வேண்டும் என்கிறது. தூசியும் பாசியும் படிந்தால் இந்தத் திறன் குறையும் என்பதால், கழுவுவதும் சில ஆண்டுகளில் மீண்டும் பூசுவதும் தவிர்க்க முடியாதவை.

இரண்டாவது, வெப்பக் காப்பு. காற்றை நுண்ணிய அறைகளில் சிறைப்படுத்தி வைத்திருக்கும் பொருள்களைக் கூரையின் மீதோ, உட்கூரையிலோ பொருத்துவது. தெர்மாகோல் எனப்படும் பாலிஸ்டைரீன் பலகை, அதைவிட இறுக்கமான எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் பலகை, பாலியூரித்தேன் நுரை, கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி ஆகியவை சந்தையில் உள்ளன. கூரையின் மீது 50 மில்லிமீட்டர் எக்ஸ்ட்ரூடட் பலகை பதித்தால் யு-மதிப்பு 1-க்கும் கீழே இறங்கிவிடும். தொகுப்பு கேட்கும் அளவை எளிதில் எட்டலாம்.

மூன்றாவது, நீர்க்கசிவுத் தடுப்பு. மேற்கு மலைத் தொடரை அடுத்த இப்பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை வலுக்கும். அதனால், வெப்பம் பற்றிப் பேச வரும் ஒப்பந்ததாரர் பெரும்பாலும் ‘வாட்டர்புரூஃபிங்’ தொழிலில் இருந்து வருபவராகவே இருப்பார். செங்கல் துண்டுகளைச் சிமென்ட் கலவையில் பதிக்கும் ‘பிரிக் பேட் கோபா’ மராட்டிய மண்ணின் பழகிய முறை. நீர் வடியச் சரிவு அமைக்க இது உதவும். வெப்பத்தையும் ஓரளவு தணிக்கும். ஆனால் 10 சென்டிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கும் மேல் எடை ஏற்றும். பழைய அடுக்கைப் பெயர்க்காமல் அதன்மேல் இன்னோர் அடுக்கு போடுவது கட்டடத்தின் தாங்குதிறனையே சோதிப்பதாகும். அதே பரப்பில் 50 மில்லிமீட்டர் எக்ஸ்ட்ரூடட் பலகையின் எடை 2 கிலோகூட இராது.

மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஈரம் ஊறிய கம்பளி வெப்பத்தைத் தடுக்காது. நீர்த்தடுப்பு அடுக்கு விரிசல் விட்டிருக்கும்போது அதன்மேல் காப்புப் பலகையைப் பதித்துச் சிமென்ட் போட்டு மூடினால், கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க எல்லாவற்றையும் உடைக்க வேண்டிவரும். நுரைப் பொருள்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால், அவற்றை மூடாமல் உட்கூரையில் விடுவது ஆபத்து. லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 2017 ஜூனில் 72 உயிர்களைப் பறித்த தீ பரவியதற்கு, வெளிச்சுவரில் பொருத்தப்பட்ட எரியக்கூடிய உறையும் காப்புப் பொருளுமே காரணமாயின.

தமிழகத்துக்கு இந்த அறிவு புதிதல்ல. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து நாள்கணக்கில் இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டோடு பதிக்கும் முறை தலைமுறைகளாக இங்கு இருந்தது. அதைச் செய்யத் தெரிந்த கொத்தனாரை ஊரே அறியும். தரத்துக்கு அவரது பெயரே உத்தரவாதம். இன்றைய பொருள்கள் ஆலையில் இருந்து வருகின்றன. பொருத்துபவரோ இன்று ஒரு வளாகம், நாளை வேறு ஊர். பெயரை நம்பும் பழைய முறை போய்விட்டது. அதன் இடத்தில் புதிய முறை எதுவும் வரவில்லை.

மாடி யாருடையது?

ஒப்பந்ததாரரை அழைப்பதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி, மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்பது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தள வீட்டை வாங்கியவருக்கு மாடி சொந்தமாகிவிடாது. அது பொதுப் பகுதி. மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகள், மழைநீரால் ஏற்படும் கசிவைச் சரிசெய்யும் செலவைச் சங்கத்தின் மீதே சுமத்துகின்றன. ஆனால், வெப்பம் கசிவதில்லை. அதனால் ஈரக்கறை விழுவதில்லை. மேல்தளத்தில் குடியிருப்பவரின் தனிப்பட்ட வசதி என்று மற்ற உறுப்பினர்கள் கருதும்போது, பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறுவது எளிதல்ல. சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி இன்றித் தனியொருவர் மாடியில் வேலை தொடங்கினால், பின்னாளில் கசிவு ஏற்படும்போது பழி அவர் மீதே விழும்.

வீடு புதியதாக இருந்தால், முதலில் கேள்வி கேட்க வேண்டியது கட்டுமான நிறுவனத்தை. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளில் இருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத் தரத்திலோ குறை தெரிந்து முறையிட்டால், 30 நாள்களுக்குள் கூடுதல் கட்டணம் இன்றி அதைச் சரிசெய்ய வேண்டியது நிறுவனத்தின் கடமை. அந்தக் காலத்துக்குள் வெளி ஒப்பந்ததாரரை விட்டு மாடியைக் கொத்தினால், குறைக்குக் காரணம் அவர்தான் என்று நிறுவனம் கைகழுவ வழி பிறக்கும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

இத்தனையையும் கடந்து வேலையை ஒப்படைக்கும்போது, வீட்டு உரிமையாளருக்கு உள்ள ஒரே பாதுகாப்பு ஒப்பந்தத் தாள்தான். ‘மாடிக்குக் கூலிங் வேலை, மொத்தம் இவ்வளவு’ என்ற ஒரு வரி மதிப்பீட்டை ஏற்றுக்கொள்வதே பெரும்பாலான தகராறுகளின் தொடக்கம்.

பொருளின் பெயர், கனம், அடர்த்தி, பதிக்கும் பரப்பு ஆகியவை தாளில் இருக்க வேண்டும். இந்தியத் தர அமைவனத்தின் எண்ணையும் குறிப்பிடலாம். பாலிஸ்டைரீன் நுரைப் பலகைக்கு ஐ.எஸ். 4671, கம்பளிக் காப்புக்கு ஐ.எஸ். 8183, பாலியூரித்தேன் பலகைக்கு ஐ.எஸ். 12436 ஆகியவை உள்ளன. எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு என்ற வரிசையும் எழுதப்பட வேண்டும். பலகையைப் பதிக்கும் முன், வடிகுழாயை அடைத்து மாடியில் தண்ணீரைக் குறைந்தது ஒரு நாள் தேக்கி வைத்துக் கசிவு இல்லை என்று உறுதிசெய்வது ஒரு நிபந்தனையாக வேண்டும். பணத்தை வேலையின் கட்டங்களுக்கு ஏற்பப் பிரித்துத் தருவதும், கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைப்பதும் நல்லது. பெயின்ட் நிறுவனம் தரும் உத்தரவாதம் டப்பாவில் உள்ள பொருளுக்கு மட்டுமே. பூசியவரின் வேலைக்கு அவரே தனியாக எழுதித் தர வேண்டும்.

ரசீது இல்லாமல் முடித்தால் வரி மிச்சம் என்று ஒப்பந்ததாரர் சொல்வதுண்டு. ரசீது இல்லாத இடத்தில், வழக்குக்கு ஆதாரமும் இல்லை.

வழக்கு என்று வந்தால் சட்டம் துணை நிற்கிறது. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் ஒரு ‘சேவை’தான் என்று லக்னௌ வளர்ச்சி ஆணையத்துக்கு எதிரான வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. குறை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்பது இச்சட்டத்தின் முக்கிய மாற்றம். ஹிஞ்சேவாடியில் வீட்டை வைத்துக்கொண்டு பணி மாறுதலில் சென்னைக்கு வந்துவிட்டவர், சென்னையிலேயே புகார் அளிக்க முடியும்.

ஆனால் ஆணையத்தின் முன் எதை நிரூபிப்பது? தண்ணீர் ஒழுகினால் புகைப்படம் உண்டு. ‘வீடு முன்போலவே சூடாக இருக்கிறது’ என்பதற்கு, தாளில் ஓர் எண் எழுதப்படாதவரை, எந்த அளவுகோலும் இல்லை. மத்திய அரசின் தொகுப்பில் உள்ள 1.2 என்ற எண், பழைய வீடுகளுக்குக் கட்டாயமில்லாவிட்டாலும், ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளத்தக்க எண். அதை எழுத ஒப்புக்கொள்ளும் ஒப்பந்ததாரருக்குத் தம் தொழில் தெரியும் என்று நம்பலாம்.

வெளிநாட்டுப் பாடம்

அரசே முன்வந்து மானியம் கொடுத்தால் போதும் என்று கருதுவோர் ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். உலகப் பொருளாதார நெருக்கடியை அடுத்து, 2009 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு வீட்டுக்கூரைகளுக்கு வெப்பக் காப்பு பொருத்தும் மாபெரும் திட்டத்தை அறிவித்தது. பயிற்சியும் கண்காணிப்பும் இல்லாமல் புதிய ஒப்பந்ததாரர்கள் குவிந்தனர். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. இளம் தொழிலாளர்கள் நால்வர் உயிரிழந்தனர். அவர்களில் மூவர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கடும் வெப்பத்தாலும் இறந்தனர். ஓர் ஆண்டிலேயே, 2010 பிப்ரவரியில், திட்டம் கைவிடப்பட்டது. 2014-இல் விசாரணை ஆணையம் அரசின் அவசரத்தைக் கடுமையாகச் சாடியது.

பிரிட்டனில் 2022 முதல் அரசுத் திட்டங்களின்கீழ் வெளிச்சுவர்க் காப்பு பொருத்தப்பட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக, அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் மதிப்பிட்டது. பணம் அரசுடையதாக இருந்தாலும், பொருத்தும் கை தேர்ந்ததாக இல்லாவிட்டால் விளைவு ஒன்றுதான்.

செய்ய வேண்டியது

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், நாட்டின் குளிரூட்டல் தேவையை 2037-38-க்குள் 20 முதல் 25 சதவீதம் குறைக்க இலக்கு வகுத்தது. ஏ.சி., குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்போர் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியளிக்கவும் அதே திட்டம் இலக்கு வைத்தது. குளிரூட்டும் கருவியைப் பழுதுபார்ப்பவர் தில்லியின் கண்ணில் பட்டார். கருவியின் தேவையையே குறைக்கக்கூடிய கூரை வேலைக்காரர், அத்திட்டத்தின் முதன்மை இலக்குகளில் இடம்பெறவில்லை.

மாநிலங்களில் தெலங்கானா ஓர் அடி முன்னே வைத்தது. 2023 ஏப்ரலில் அது அறிவித்த குளிர்கூரைக் கொள்கை, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் பரப்பை எட்ட இலக்கு வைத்தது. 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் அமையும் குடியிருப்புகளுக்குக் கட்டாயம். சிறிய வீடுகளுக்கு விருப்பம். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு வழி செய்தது. உயிரிழந்த பிறகு தரும் நிவாரணத்தைவிட, வீட்டுக்குள் வெப்பம் இறங்காமல் தடுப்பது மலிவானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் மின்கம்பி இழுக்க மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் தேவை. குழாய் இணைப்புக்குப் பல மாநகராட்சிகள் உரிமம் பெற்ற பிளம்பரைக் கேட்கின்றன. கூரைக் காப்பு வேலைக்கும் ஒரு குறுகிய காலப் பயிற்சி, சான்றிதழ், மாவட்ட அளவில் பதிவேடு, ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவம் ஆகிய நான்கையும் கொண்டுவருவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. எரிசக்தித் திறன் அமைவனமும், மாநிலங்களில் அதன் பணியை நிறைவேற்றும் முகமைகளும், திறன் மேம்பாட்டு அமைப்புகளும் ஒன்றுகூடி முடிவெடுத்தாலே போதும். அதுவரை, கோடை தொடங்கும் முன் மாடிப்படி ஏறி வரும் ஒப்பந்ததாரரிடம் என்ன பொருள், எவ்வளவு கனம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்டு எழுதி வாங்கும் பொறுப்பு, ஹிஞ்சேவாடியிலும் சென்னையிலும் வீட்டு உரிமையாளருடையதாகவே இருக்கும்.